குளிசையின் பெயரைச் சொல்லிக் காதலித்தவர்கள்

கேள்வி கேட்ட தங்கச்சி பம்பலப்பிட்டியில் இருக்கிறார். அவருக்குக் கலியாணம் பேசிய பொடியன் இரண்டாவது சந்திப்பிலேயே, தனக்கு பைபோலர் (மனம் அளவுக்கு மீறி உயர்ந்தும் தாழ்ந்தும் போகிற மனநோய்) இருக்கிறது, அதற்கு ஆறு வருடமாக லித்தியம் என்ற மருந்து எடுக்கிறேன் என்று தானாகவே சொல்லியிருக்கிறார். அம்மா வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். வேலை செய்யும் இடத்துச் சிநேகிதி 'சில்வர் லைனிங்ஸ் பிளேபுக்' என்ற ஆங்கிலப் படத்தைக் கொடுத்து, "பார், அன்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றிருக்கிறார். அந்தப் படம் காட்டுவது உண்மைதானா, அதை நம்பலாமா என்பது கேள்வி.

தங்கச்சி, படத்தை நம்பலாம். சிநேகிதி சொன்ன விளக்கத்தைத்தான் நம்ப வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. வெள்ளவத்தையில் இருபத்துமூன்று வருடமாகப் பாமசி நடத்துகிறவன். பகலில் மருந்துத் துண்டு வாசிப்பதும் இரவில் படம் பார்ப்பதும்தான் என் வாழ்க்கை. இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது இருபது நிமிடத்தில் நிறுத்தப் போனேன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், யார் சொல்வதையும் யாரும் கேட்பதில்லை. "எங்கட வீடு மாதிரியே இருக்கு, விடுங்கோ பார்ப்பம்" என்றாள் மனைவி. அதனால் மிச்சத்தையும் பார்த்தேன். அதற்குப் பிறகு நாலு தடவை பார்த்துவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். பாட் என்பவன் தன் மனைவியை இன்னொருவனோடு வீட்டுக் குளியலறையில் கண்டு, அந்த ஆளை அடித்து நொறுக்கிவிடுகிறான். வழக்குப் பேசி முடிந்து, சிறைக்குப் பதிலாக எட்டு மாதம் மனநல மருத்துவமனை. அங்கேதான் தனக்கு பைபோலர் இருப்பது தெரிய வருகிறது. வெளியே வந்து பிலடெல்பியாவில் அப்பா அம்மா வீட்டில் இருக்கிறான். உடம்பைக் குறைத்து, மனைவியின் புத்தகங்களை வாசித்து, அவளை மறுபடியும் அடைந்துவிடலாம் என்பது அவன் கணக்கு. கிட்டப் போகக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருப்பது அவனுக்கு ஒரு சின்ன விஷயம். அப்போது டிஃபனி வருகிறாள். பொலிஸ்காரக் கணவனைப் பறிகொடுத்த இளம் விதவை. அந்தத் துக்கத்தில் செய்த காரியங்களால் வேலையும் போய், பெயரும் போய் இருப்பவள். "உன் கடிதத்தை அவளிடம் கொடுக்கிறேன், பதிலுக்கு நடனப் போட்டியில் என்னோடு ஆடு" என்கிறாள். மிச்சம் போகப்போக வரும்.

எனக்கு இது காதல் படமாக மாறியது இராச்சாப்பாட்டு மேசையில். நண்பன் வீட்டில் விருந்து. இருவரையும் அன்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். பாட் வாயைத் திறந்ததும், "உன் புருஷன் எப்படிச் செத்தான்?" என்று கேட்கிறான். மேசை உறைந்துபோகிறது. கொஞ்ச நேரத்தில் பேச்சு மருந்துக்குத் திரும்புகிறது. நீ என்ன எடுத்தாய், நான் என்ன எடுத்தேன், குளோனசெபாம் எடுத்தால் இன்று என்ன கிழமை என்றே தெரியாதே, ட்ரசடோன் எடுத்தால் கண்ணில் இருக்கும் ஒளியே போய்விடுமே என்று இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பழைய மாணவர்கள் ரீச்சர்மாரைப் பற்றிக் கதைப்பதுபோலக் கதைக்கிறார்கள். மற்ற இருவர் கரண்டியைப் பிடித்தபடி முழிக்கிறார்கள். இவர்களோ அன்றுதான் முதல்முறை யாரோடோ ஒழுங்காகக் கதைத்த முகத்தோடு இருக்கிறார்கள்.

அந்தக் காட்சி ஏன் என்னைப் பிடித்தது என்று சொல்ல வேண்டுமானால் என் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லித்தியம், ஒலன்சபின், குவெட்டியபின் போன்ற மனநோய் மருந்துகள் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வருவார்கள். வெள்ளவத்தைக்காரர் தெகிவளைக்குப் போவார்கள். தெகிவளைக்காரர் எங்கே போகிறார்களோ. துண்டைப் பேப்பருக்குள் மடித்து வைத்திருப்பார்கள். கடையில் வேறு யாரும் நின்றால் பனடோல் ஒரு கார்ட் வாங்கிக்கொண்டு வெளியே போய், ஆள் குறைந்ததும் திரும்பி வருவார்கள். கடதாசி உறையில் மருந்தின் பெயர் எழுத வேண்டாம், எத்தனை வேளை என்று மட்டும் எழுதுங்கள் என்பார்கள். ஒருவர் கலியாணம் முடித்துப் பத்து வருடத்துக்கு மேல். "வீட்டில கேட்டால் விற்றமின் எண்டு சொல்லியிருக்கிறன் அண்ணை" என்றார். அந்த வீட்டில் ஒருநாள் அவர் இரண்டு வேளை மருந்தை மறந்தால் கவனிக்க ஆளில்லை. விற்றமின்தானே, பிறகு எடுக்கலாம் என்று விட்டுவிடுவார்கள்.

அதனால் இந்தப் படம் எனக்கு, மருந்தின் பெயரை மேசையில் போட்டுவிட்டுக் காதலிக்கத் தொடங்கிய இருவரின் கதை. உங்கள் பொடியன் இரண்டாவது சந்திப்பில் செய்தது அதைத்தான். அவர் நல்லவரா, உங்களுக்குப் பொருத்தமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இத்தனை வருடம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் சொல்கிறேன், அதைச் சொல்ல நிறைய நெஞ்சுரம் வேண்டும்.

சரி, அன்பு நோயை மாற்றும் என்று படம் சொல்கிறதா? அப்படித் தோன்றுவதற்குப் படத்திலேயே காரணம் இருக்கிறது. முதல் பாதியில் பாட் மருந்து வேண்டாம் என்று நிற்கிறான். மந்தமாக்குகிறது, உடம்பு ஊதுகிறது என்கிறான். அவன் சொல்வது பொய்யில்லை, என்னிடம் வருகிற எல்லோரும் சொல்வதுதான். விடியற்காலை நாலு மணிக்கு ஹெமிங்வேயின் நாவலை வாசித்து முடித்து, முடிவு சோகமாக இருக்கிறது என்று கோபத்தில் ஜன்னலால் வீசி எறிகிறான். கண்ணாடி உடைகிறது. பிறகு அப்பா அம்மாவை எழுப்பி, எழுதியவரைத் திட்டித் தீர்க்கிறான். தியேட்டரே சிரிக்கும் இடம் அது. எனக்கோ நித்திரையில்லாமை, ஓயாத பேச்சு, நேரங்காலம் தெரியாமை என்று வரிசையாகப் பொருத்தம் விழுந்தது. இன்னொரு இரவு கலியாண வீடியோவைத் தேடி வீட்டையே புரட்டிப் போடுகிறான், கைகலப்பாகிப் பொலிஸ் வருகிறது. அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அதன்பிறகு நடனப் பயிற்சி, காதல், போட்டி என்று கதை ஓடத் தொடங்கியதும் மருந்து பின்னால் போய்விடுகிறது. பார்க்கிறவருக்கு டிஃபனிதான் மருந்து என்று தோன்றிவிடும். இது படத்தின் குறை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஒரு மாதத்துக் குளிசையை எண்ணிப் பெட்டியில் போடுகிற காட்சி ஒன்றை வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

ஆனாலும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டிஃபனி அவனுக்கு என்ன கொடுக்கிறாள்? ஒவ்வொரு நாளும் ஒரே இடம், ஒரே வேலை, உடம்பு களைக்கும்படி ஆட்டம், தவறினால் கேட்பதற்கு ஓர் ஆள். நாளுக்கு ஓர் ஒழுங்கு. பைபோலருக்கு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் உளச்சிகிச்சைகளில் ஒன்று முழுக்க இதைப் பற்றியது. எழும்பும் நேரம், சாப்பிடும் நேரம், மனிதரோடு கதைக்கும் நேரம், படுக்கும் நேரம் ஆகியவற்றை நாள்தோறும் ஒன்றாக வைத்திருப்பது. அதை உருவாக்கியவர் எலன் ஃபிராங்க், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில். படம் நடக்கும் பிலடெல்பியா இருக்கிற அதே பென்சில்வேனியா மாநிலம்தான். இயக்குநர் இதையெல்லாம் நினைத்து எடுத்தாரா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு பள்ளிக்கூடம் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறேன்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் போட்டியின் புள்ளி. பாட்டின் அப்பா பந்தயக்காரர். பிலடெல்பியாவின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸ் வெல்ல வேண்டும், இவர்கள் இருவரும் நடனத்தில் பத்துக்குக் குறைந்தது ஐந்து புள்ளி எடுக்க வேண்டும் என்று இரட்டைப் பந்தயம் கட்டிவிடுகிறார். மற்ற சோடிகள் தொழில்முறை ஆட்டக்காரர்கள். இவர்கள் ஆடி முடிய, சரியாக 5.0 வருகிறது. இந்தக் கூட்டம் உலகக் கிண்ணம் வென்றதுபோலக் குதிக்கிறது. ஐந்துக்கு ஏன் இந்தத் துள்ளல் என்று மற்றவர்கள் புரியாமல் பார்க்கிறார்கள். பத்தும் வேண்டாம், பூச்சியமும் வேண்டாம், ஐந்தில் நிற்க முடிந்தாலே கொண்டாட்டம் என்பது பைபோலரோடு வாழ்கிற வீட்டுக்குத்தான் விளங்கும். பத்தில் நின்ற நாட்களில் கடன் அட்டை தேய்ந்திருக்கும், வேலை போயிருக்கும். பூச்சியத்தில் நின்ற நாட்களில் பாயை விட்டு எழும்பியிருக்க மாட்டார்கள். லித்தியம் செய்கிற வேலையும் ஆளை ஐந்தின் பக்கத்தில் வைத்திருப்பதுதான்.

லித்தியம் என்றதும் ஒரு விஷயம் சொல்லாமல் போக முடியாது. பாட் வியர்க்க வேண்டும் என்பதற்காகக் குப்பை போடும் கறுப்புப் பையைத் தலையால் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாக ஓடுவான். படத்தின் அடையாளமே அந்தக் கோலம்தான். லித்தியம் எடுக்கிற யாரும் அதைச் செய்யக் கூடாது. லித்தியம் ஓர் உப்பு. உடம்பில் தண்ணீரும் சாப்பாட்டு உப்பும் குறைந்தால், வெளியே போக வேண்டிய லித்தியத்தைச் சிறுநீரகம் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் அது பொதுவாக லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. கை பெரிதாக நடுங்கும், வாந்தி வரும், வயிற்றால் போகும், நடை தள்ளாடும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்துகள் என் இறாக்கையில் அதிகமில்லை. பிலடெல்பியாக் குளிரில் தப்பினாலும் தப்பலாம். கொழும்பின் ஏப்ரல் வெயிலில் காலிவீதியில் அந்தப் பையோடு ஓடினால் நேரே ஆஸ்பத்திரிதான்.

அதே காரணத்தால் வயிற்றோட்டம் வந்த நாளிலும், தண்ணீர் கூடக் குடிக்காமல் விரதம் இருக்கிற நாட்களிலும் கவனம் தேவை. கந்தசஷ்டி, நோன்பு எதுவானாலும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். இடுப்பு நோவுக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் என்று கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. அவை லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். பிரஷருக்குக் கொடுக்கிற லோசார்டான், எனலப்ரில், சிறுநீர் போக்கும் சில குளிசைகளும் அப்படித்தான். மருந்தைத் தாங்களாகக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் கூடாது. இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த விஷயம் தெரிந்த ஒரு மனுஷி வீட்டில் இருந்தால் "தலையிடியா, இந்தாங்கோ" என்று கையில் கிடைத்ததை நீட்ட மாட்டாள். விற்றமின் என்று நம்பிக்கொண்டிருப்பவள் நீட்டுவாள்.

லித்தியத்தின் கதையே ஒரு படம் எடுக்கலாம். அது இந்த நோய்க்கு உதவும் என்று கண்டுபிடித்தவர் ஜோன் கேட், அவுஸ்திரேலியர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, மூன்று வருடத்துக்கு மேல் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் கிடந்த மருத்துவர். ஊருக்குத் திரும்பி, ஒரு மருத்துவமனையின் பாவனையில் இல்லாத சமையலறையில் கினிப் பன்றிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். லித்தியம் ஏற்றியதும் அவை சாதுவாகிவிட்டன. பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1949இல் எழுதினார். எழுபத்தைந்து வருடம் தாண்டியும் அந்த உப்பை முற்றாகத் தள்ளிவைக்க ஒன்று வரவில்லை. தற்கொலையைக் குறைக்கும் என்று நன்றாக நிறுவப்பட்ட மிகச் சில மருந்துகளில் அது ஒன்று. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். 'லித்தியம் எடுக்கிற பொடியன்' என்பது அவர் காதில் பயமாக விழுந்திருக்கும். எனக்கோ 'ஆறு வருடம்' என்பதுதான் காதில் விழுந்தது.

இனி அந்த இயக்குநர். டேவிட் ஓ. ரசலின் மகனுக்கு பைபோலர் இருக்கிறது. இதை அவரே பொதுவில் பேசியிருக்கிறார், மகனுக்காகத்தான் இந்தக் கதையை எடுத்தேன் என்றும் சொல்லியிருக்கிறார். மத்தியூ குவிக் 2008இல் எழுதிய நாவல் அது. நாவலில் பாட்டுக்கு நினைவு குழம்பி இருக்கும், மருத்துவமனையில் எத்தனை வருடம் கழிந்தது என்றே தெரியாமல் இருப்பான். ரசல் அதை எட்டு மாதமாக்கி, குடும்பத்தை மேசைக்கு இழுத்துவிட்டார். படத்தில் அயல்வீட்டுப் பையன் ஒருவன் கமெராவோடு வந்து, மனநோயைப் பற்றிப் பள்ளிக்கூடப் பாடத்துக்கு வீடியோ எடுக்க வேண்டும், உங்களைப் பேட்டி காணலாமா என்று கேட்பான் அல்லவா, அந்தப் பையனாக நடித்தது ரசலின் மகன். எங்கள் ஊரில் பேச்சுக்காவது ஓர் அப்பன் இப்படிச் செய்வானா? படத்துக்கு எட்டு ஒஸ்கார் பரிந்துரைகள் வந்தன. நடிப்புக்கான நாலு பிரிவிலும் பெயர் இருந்தது. வென்றது ஜெனிஃபர் லோரன்ஸ் மட்டும், அதுவும் இருபத்திரண்டு வயதில்.

பரிசு கிடைக்காவிட்டாலும் எனக்கு, பாட்டின் அப்பாவாக நடித்த ரொபர்ட் டி நீரோதான். பந்தயம், கைக்குட்டை, ரீவியின் ரிமோட் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து இருக்க வேண்டும், மகன் பக்கத்தில் இருந்தால்தான் அணி வெல்லும். மைதானத்தில் சண்டை பிடித்து, உள்ளே வரக்கூடாது என்று தடை வாங்கியவர். அவருக்கு யாரும் நோய்ப் பெயர் வைக்கவில்லை, குளிசையும் இல்லை. வீட்டின் 'நோயாளி' மகன்தான். இதைப் பார்க்கும்போது எனக்கு 1996 மார்ச் 17 நினைவுக்கு வரும். லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம். இலங்கை 23 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட். அரவிந்த டி சில்வா ஆட உள்ளே வந்த நேரம் என் மாமா சாக்குக் கதிரையில் ஒரு காலை மடித்து இருந்தார். அதோடு சரி, 107 ஓட்டம் அடித்து ஆட்டத்தை முடிக்கும்வரை காலை எடுக்கவில்லை. எங்களையும் எழும்ப விடவில்லை. மூத்திரம் முட்டியவன் முட்டியபடியே இருந்தான். அந்த வெற்றியில் தனக்கும் பங்கு உண்டு என்று மாமா இன்றைக்கும் நம்புகிறார். அதே மாமாதான், சொந்தத்தில் ஒரு பெண் மனநல கிளினிக்குக்குப் போவது தெரிந்ததும், "அங்கொடைக் கேஸ், சம்பந்தம் வேண்டாம்" என்று முதலில் சொன்னவர்.

'அங்கொடை' என்ற ஊர்ப் பெயரை நாங்கள் வசைச்சொல்லாக்கிவிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர் மந்திகையை அப்படி ஆக்கினார்கள். அங்கொடையில் இருப்பது இன்று தேசிய மனநல நிறுவகம். அதன் உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். உங்களுக்கே பயமாக இருந்தாலும் அழைக்கலாம், நோயாளியாக இருக்க வேண்டும் என்றில்லை.

படத்தில் வரும் டாக்டர் பட்டேல், அனுபம் கேர் நடித்தது, எங்களுக்குப் பழக்கமான முகம். சிகிச்சை அறையில் அமைதியாக இருக்கிற மனிதர், திடீரென்று ஒருநாள் முகத்தில் பச்சை பூசிக்கொண்டு ஈகிள்ஸ் ரசிகராக மைதான வாசலில் நிற்பார். அங்கே அது பகிடி. கொழும்புத் தமிழருக்கோ அது அன்றாடம். இங்கே இருப்பது ஒரு கைப்பிடி ஆட்கள்தான். சரஸ்வதி மண்டபத்துக் கலியாணத்தில் பந்திக்கு இருந்தால், எதிர் இலையில் உங்கள் மனநல டாக்டர் இருப்பார். இரண்டு பேரும் அறியாதவர் மாதிரிப் பாயசம் குடிக்க வேண்டும்.

நம் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே 2012இல் தமிழில் '3' வந்தது. கொலவெறிப் பாட்டுக்காக எல்லோருக்கும் தெரிந்த படம். தனுஷுக்கும் அதில் பைபோலர்தான். ஆனால் அவன் மனைவியிடம் மறைக்கிறான், தெரிந்த நண்பனும் சேர்ந்து மறைக்கிறான், கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்கிறான். மனைவி எல்லாவற்றையும் பிறகுதான் தேடிக் கண்டுபிடிக்கிறாள். இரண்டு படத்துக்கும் நோய் ஒன்று, ஆண்டும் ஒன்று. ஒன்றில் மருந்தின் பெயர் விருந்து மேசையில் இருக்கிறது, மற்றதில் அலுமாரிக்குள் இருக்கிறது. நான் '3'ஐக் குறை சொல்ல மாட்டேன், மறைத்தால் என்ன ஆகும் என்று அது சரியாகவே காட்டுகிறது. பிரச்சினை, தமிழில் காதலும் மனநோயும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அழுகையில்தான் முடிய வேண்டும் என்பது. எங்கள் மட்டக்களப்பு மண்ணின் பாலு மகேந்திரா எடுத்த 'மூன்றாம் பிறை'யை எடுத்துக்கொள்ளுங்கள், 1982. அவள் நினைவு தவறியிருக்கும்வரை அவனுக்குச் சொர்க்கம். அவள் சுகமானதும் அவனைத் தெரியவில்லை. அற்புதமான படம், ரயில் நிலையக் காட்சியில் நான் இன்றும் அழுவேன். ஆனால் சுகம் வந்தால் காதல் போய்விடும், காதல் வேண்டுமானால் சுகம் வரக்கூடாது என்ற கணக்கை அது எங்கள் மனதில் போட்டுவிட்டது. நோயும் இருக்கும், மருந்தும் இருக்கும், சண்டையும் சிரிப்பும் இருக்கும் என்று ஒரு படம் வந்தால் அதை விசர்ப் படம் என்கிறோம்.

டிஃபனி பற்றி ஓர் எச்சரிக்கை. அவள் மனைவியின் கடிதத்தைத் தானே எழுதி அவனை ஏமாற்றுகிறாள். படம் அதைக் குறும்பாக மன்னித்துவிடுகிறது, நான் மன்னிக்கவில்லை. நிஜத்தில், எது உண்மை என்று ஏற்கெனவே தடுமாறுகிற ஒருவருக்கு அதைச் செய்யக் கூடாது. சாப்பாட்டுக் கடைக் காட்சியில் அவள்தான் சரி. கோர்ன்ஃபிளேக்ஸ் மாதிரியான காலைச் சாப்பாட்டை இரவில் வாங்கி, இது காதல் சந்திப்பு இல்லை என்று காட்டுகிற பாட், கொஞ்ச நேரத்தில் "நான் உன்னளவுக்கு மோசம் இல்லை" என்ற தொனியில் பேசிவிடுவான். அவள் மேசையில் இருந்ததையெல்லாம் ஒரே வீச்சில் தட்டிவிட்டு எழும்புவாள். நோயாளிகளுக்குள்ளும் நான் மேல், நீ கீழ் என்று சாதி பார்ப்பது உண்டு. கடையில் தினமும் பார்க்கிறேன், "எனக்கு வெறும் டிப்ரெஷன்தான், அந்த மாதிரி இல்லை" என்பார்கள்.

உங்கள் அம்மா கேட்கப்போகிற கேள்வி பிள்ளைகளைப் பற்றியதாக இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு பைபோலர் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புச் சுமார் பத்தில் ஒன்று, அதிலும் குறைவாகச் சொல்பவர்களும் உண்டு. மற்றவர்களைவிட அது கூடத்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்தில் ஒன்பது பிள்ளைக்கு வராது. சீனிவியாதியும் பிரஷரும் இரண்டு பக்கமும் நிறைந்த குடும்பங்களுக்குள் சாதகம் பார்த்துச் சீதனம் பேசிச் செய்து வைக்கிறோமே, அப்போது யாரும் இந்தக் கணக்குக் கேட்பதில்லை.

அன்பை நம்பி முடிவெடுக்க வேண்டாம், நோயைக் காட்டித் தள்ளவும் வேண்டாம். படத்தை இன்னொரு தடவை அவரோடு சேர்ந்து பாருங்கள், அவர் எங்கே சிரிக்கிறார், எங்கே எழும்பித் தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று கவனியுங்கள். பிறகு மூன்று விஷயம் கேளுங்கள். கடைசியாக நோய் கூடியது எப்போது, அதற்கு முதல் வாரம் என்ன மாறியது, அப்போது யாருக்கு அறிவிக்க வேண்டும். அவர் சம்மதித்தால் அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் போங்கள், டாக்டரிடம் நேரே கேட்கலாம். இன்னும் ஒன்று, ஒரு பாமசிக்காரனின் கேள்வி: கடைசியாக லித்தியம் அளவு பார்க்க இரத்தம் கொடுத்தது எப்போது? குளிசை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துக் கொடுக்க வேண்டிய இரத்தம் அது. நாள் பார்த்துப் போவார்கள். அதோடு தைரொயிட்டும் சிறுநீரகமும் வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். அவர் யோசிக்காமல் திகதியைச் சொல்லி, கிளினிக் கொப்பியையும் எடுத்துக் காட்டினால் நல்லது. "அதெல்லாம் இப்ப தேவையில்லை, நீங்கள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னால், தங்கச்சி, கலியாணத் திகதியைக் குறிக்க முதல் அந்த இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.